காயம் ஏன் நுரைக்கிறது?

ஜாலான் புசார் சாலையில் இரும்புச் சாமான், குழாய், மின்விளக்கு விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தகடும் ஆணியும் திருகும் கையாள்கிறவர்களுக்குக் கீறலும் சிராய்ப்பும் புதிதல்ல. கடையின் முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பஞ்சு, பிளாஸ்திரி, மஞ்சள் மருந்து ஆகியவற்றோடு ஒளி புகாத ஒரு பாட்டிலும் இருக்கலாம். அதில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 விழுக்காடு. கீறிய விரலில் நாலு சொட்டு விட்டால் வெள்ளையாக நுரை பொங்கும். அதே சொட்டு பக்கத்திலுள்ள நல்ல தோலில் விழுந்தால் வெறும் தண்ணீராக வழிந்துபோகும்.

காயம் மட்டும் ஏன் நுரைக்கிறது? "கிருமி சாகுது, அதான் பொங்குது" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஆனால் கிருமி வந்துசேர நேரமே இல்லாத புத்தம்புதுக் கீறலும் நுரைக்கிறது. தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டீரல் துண்டில் விட்டுப் பாருங்கள், இன்னும் ஆவேசமாகப் பொங்கும்.

இந்த நுரையைப் பின்தொடர்ந்து போனால், சிங்கப்பூரில் எத்தனையோ குடும்பங்களை வாட்டும் இன்னொரு கேள்விக்கு விடையின் ஒரு பகுதி கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளையின் முழங்கால் சிராய்ப்பு ஒரு வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது. நீரிழிவுள்ள தாத்தாவின் கால்விரலில் செருப்பு கடித்த இடம் மட்டும் மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கிறதே, ஏன்?

நுரைக்காத வாய்

ஹைட்ரஜன் பெராக்சைடு என்பது தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கூடுதல் அணு நிலைகொள்ளாதது. எதையாவது தாக்கி இணைந்துகொள்ளப் பார்க்கும். நம் செல்களுக்குள் கேட்டலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது பெராக்சைடைப் பிடித்துத் தண்ணீராகவும் ஆக்சிஜன் வாயுவாகவும் பிரித்துவிடும். ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடியில் லட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளை முடித்துவிடும். நுரைக்குள் இருப்பது இந்த ஆக்சிஜன்தான். நல்ல தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் மூடப்பட்டிருப்பதால் கேட்டலேஸ் வெளியே வருவதில்லை. கீறல் பட்டதும் செல்கள் உடைகின்றன, இரத்தம் கசிகிறது, நொதி வெளியே வந்துவிடுகிறது. ஈரலில் அது மிக அதிகம். ஆட்டீரலின் ஆவேசத்துக்குக் காரணம் அதுதான்.

இதற்கு அசைக்க முடியாத சான்று, நுரைக்காத ஒரு காயத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், ஜப்பானின் ஒகாயாமாவில் காது மூக்கு தொண்டை மருத்துவரான ஷிகேயோ தகஹாராவிடம் ஈறும் தாடையும் அழுகிய நிலையில் ஒரு சிறுமி கொண்டுவரப்பட்டாள். அழுகிய சதையை அகற்றிவிட்டு வழக்கம்போலப் பெராக்சைடு ஊற்றினார். நுரை வரவில்லை. இரத்தம் பட்ட இடம் கரும்பழுப்பாக மாறியது. ஊற்றிய மருந்து தவறோ என்று நினைக்க இடமிருந்தது. ஆனால் அவளுடைய இரத்தத்தில் கேட்டலேஸ் இல்லை என்பதைத் தகஹாரா கண்டுபிடித்தார். பிறவியிலேயே அந்த நொதி இல்லாதவர்கள் உண்டு என்று உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். வாயில் வாழும் சில பாக்டீரியாக்களே பெராக்சைடை உண்டாக்கும். அதை அழிக்க வழியில்லாமல் அவள் ஈறுகள் அழுகியிருந்தன.

உடம்பே காய்ச்சும் பெராக்சைடு

கடையில் வாங்கி ஊற்றும் ஒரு பொருளை அழிக்க உடம்பு ஏன் இப்படியொரு நொதியைச் செல்தோறும் வைத்திருக்க வேண்டும்? அந்தப் பொருளை உடம்பே ஓயாமல் உண்டாக்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். உணவை ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்டிரியாவில் கொஞ்சம் ஆக்சிஜன் பாதி வழியில் நழுவி, சூப்பராக்சைடு என்னும் துடுக்கான வடிவம் எடுக்கிறது. இன்னொரு நொதி அதைப் பெராக்சைடாக மாற்றுகிறது. இது தற்செயலாக உண்டாவது. வெள்ளணுக்களோ கிருமிகளைக் கொல்வதற்காக வேண்டுமென்றே இதை உற்பத்தி செய்கின்றன.

காயத்தில் பெராக்சைடுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 2009இல் ஹார்வர்டில் பிலிப் நீத்தாமர், திமத்தி மிச்சிசன் குழுவினர் ஒளி ஊடுருவும் வரிக்குதிரை மீன்குஞ்சின் வால் துடுப்பைச் சிறிது வெட்டிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சில நிமிடங்களுக்குள் வெட்டுவாயிலிருந்து பெராக்சைடு உள்நோக்கிப் பரவியது. வெள்ளணுக்கள் அதற்குப் பிறகுதான் வந்துசேர்ந்தன. பெராக்சைடு உருவாகாமல் தடுத்தால் அவை சரியாக வரவில்லை. ஆறத் தொடங்குவதற்கே காயத்துக்குக் கொஞ்சம் பெராக்சைடு தேவைப்படுகிறது.

எவ்வளவு, எவ்வளவு நேரத்துக்கு என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உண்டாவது, அழிக்கப்படுவதைவிட மிஞ்சிப்போகும் நிலையை 'ஆக்சிஜனேற்ற நெருக்கடி' என்று சொல்லலாம். பாடநூல்களில் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்றும் எழுதுவார்கள். அந்த நிலையில் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாமே பழுதாகும்.

இனிப்புநீர்க் கால்

2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூரில் 18 முதல் 69 வயது வரையுள்ளவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு, சீனர்களிடையே 9.7. 2016இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நாடாளுமன்றத்தில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தார். பிரச்சினை வெறும் சர்க்கரை அளவோடு நிற்பதில்லை. நீரிழிவால் விரலையோ பாதத்தையோ காலையோ இழப்பவர்கள் இந்தச் சின்னத் தீவில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேல்.

தொடக்கம் பெரும்பாலும் அற்பமானது. பல ஆண்டு சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்துப்போயிருக்கும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை வரை வெறுங்காலோடு நடக்கும்போது குத்திய சிறு கல் வலிக்காது. மறுநாள் கழற்றும் காலுறையில் ஈரத்தைப் பார்த்தபிறகே தெரியும்.

அந்தக் காயத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். சர்க்கரை மிகுந்த செல்களில் மைட்டோகாண்டிரியா அளவுக்கு மேல் சூப்பராக்சைடை உமிழ்கிறது. வந்த வெள்ளணுக்கள் வேலை முடிந்தும் கலைவதில்லை. பெராக்சைடைத் தொடர்ந்து கக்குகின்றன. காயம் மூட வேண்டுமானால் விளிம்பிலுள்ள தோல் செல்கள் உள்நோக்கி ஊர்ந்து வரவேண்டும். அவை ஊர்வது கொலாஜன் முதலிய நார்ப்புரதங்களாலான படுகையின் மேல். பெராக்சைடு மிஞ்சினால் அந்தப் படுகையின் வேதியியல் மாறுகிறது. செல்லின் பிடிமானம் கெடுகிறது. தோல் செல்களுக்கு உயிர் இருக்கும், நகரத்தான் முடியாது. ஆறாத புண்ணைப் பார்க்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த நகர முடியாத விளிம்பைத்தான்.

நீரிழிவுப் புண்ணில் தினமும் பெராக்சைடு ஊற்றிக் கழுவுவது நல்லதல்ல என்பதற்கும் இதுவே காரணம். ஏற்கெனவே மிஞ்சியிருக்கும் பொருளையே மேலும் ஊற்றுகிறோம். புண் பராமரிக்கும் தாதியர் உப்புநீரால் கழுவுகிறார்கள் என்றால் காரணத்தோடுதான்.

உட்கருவுக்குள் ஒரு குடும்பம்

கேட்டலேஸை இன்னும் கொஞ்சம் தயாரித்தால் போதுமே, செல் ஏன் தயாரிப்பதில்லை? தயாரிக்க வேண்டுமானால் கேட்டலேஸ் மரபணுவை முடுக்க வேண்டும். மரபணு உட்கருவுக்குள் இருக்கிறது. வெளியே பெராக்சைடு மிஞ்சிவிட்டது என்று உள்ளே எப்படித் தெரியும்?

இன்சுலின் போன்ற பல ஹார்மோன்கள் செல்லின் வெளிச்சவ்விலேயே நின்றுவிடும். அங்கிருந்து செய்தி பல கைகள் மாறி உள்ளே போகும். கொழுப்பில் கரையும் பொருள்கள் அப்படியல்ல; சவ்வை ஊடுருவி நேரே உள்ளே போய்விடும். அவற்றைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ. மீது தானே அமர்ந்து மரபணுவை முடுக்கும் புரதங்களுக்கு 'உட்கரு ஏற்பிகள்' என்று பெயர். மனித மரபணுத்தொகையில் இவை 48.

1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைப் பின்தொடர்ந்து, கருப்பை செல்லுக்குள் ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று காட்டினார். 1985இல் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் கார்ட்டிசால் ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தார். பிரான்சில் பியர் ஷாம்போன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் உடன்பிறப்புகள் என்று புரிந்தது. மூவருக்கும் 2004இல் லாஸ்கர் விருது கிடைத்தது. வைட்டமின் டி, தைராய்டு ஹார்மோன், வைட்டமின் ஏ எல்லாம் இதே குடும்பத்து ஏற்பிகள் வழியாகத்தான் வேலை செய்கின்றன.

இந்த ஏற்பிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு முக்கியப் பகுதிகள். ஒன்றில் துத்தநாக அணுக்கள் தாங்கிப் பிடித்த இரண்டு விரல் போன்ற மடிப்புகள், அவை டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்துவரிசையைத் தேடிப் பற்றும். இன்னொன்றில் ஒரு குழி. பல ஏற்பிகளில், குழி காலியாக இருக்கும்போது, மரபணுவை அடக்கி வைக்கும் துணைப் புரதங்கள் ஏற்பியோடு ஒட்டியிருக்கும். குழிக்குள் உரிய மூலக்கூறு வந்து அமர்ந்ததும் ஏற்பியின் வால்பகுதிச் சுருள் ஒன்று இடம் மாறுகிறது. அடக்கும் புரதங்கள் விலக, முடுக்கும் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. சில ஆங்ஸ்ட்ராம் அளவேயான இந்த அசைவால் ஒரு மரபணு உறக்கம் கலைகிறது. உயிரியலில் என்னை இன்றும் வியக்க வைக்கும் இடங்களில் இது ஒன்று.

புகை கண்டு நெருப்பை அறிதல்

ஜென்சனின் ஈஸ்ட்ரோஜன் தொலைவிலுள்ள சுரப்பியிலிருந்து இரத்தத்தில் வருவது. நம் கதைக்கு வேண்டிய ஏற்பிக்குச் செய்தி அந்தச் செல்லுக்குள்ளிருந்தே வருகிறது. 1990இல் இசபெல் இசெமான், ஸ்டீபன் கிரீன் இருவரும் சுண்டெலி ஈரலில் பி.பி.ஏ.ஆர். என்ற ஏற்பியைக் கண்டார்கள். கொழுப்பு குறைக்கும் சில மருந்துகள் எலி ஈரலில் பெராக்சிசோம் என்ற நுண்பைகளைப் பெருக வைத்தன. அதற்குக் காரணமான ஏற்பி என்பதால் அந்தப் பெயர். கேட்டலேஸின் தலைமையிடம் அந்தப் பைகள்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1992இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் வால்டர் வாலியின் குழு, ஆப்பிரிக்கத் தவளையில் இந்த ஏற்பி மூன்று வகைப்படும் என்று கண்டது. நமக்கு வேண்டியது பீட்டா என்றும் டெல்ட்டா என்றும் அழைக்கப்படும் நடு வகை. இனி அதை டெல்ட்டா என்றே சொல்வோம்.

இவற்றின் குழி பெரியது. கொழுப்பு அமிலங்களும் அவற்றின் உடைந்த வடிவங்களும் அதில் பொருந்தும். செல்லின் சவ்வு கொழுப்பாலானது. ஆக்சிஜனேற்ற நெருக்கடியில் முதலில் அடிபடுவதும் அந்தக் கொழுப்புதான். அடிபட்ட கொழுப்பிலிருந்து உதிரும் துண்டுகளில் சில இந்த ஏற்பிகளின் குழிக்குள் போய் அமர்கின்றன. 1998இல் எவன்ஸின் ஆய்வகம், ஆக்சிஜனேற்றமடைந்த கெட்ட கொழுப்பிலுள்ள இரண்டு பொருள்கள் காமா என்ற இன்னொரு வகையை முடுக்குவதைக் காட்டியது. கொழுப்பு சிதையும்போது பிறக்கும் ஹைட்ராக்சிநோனீனல் டெல்ட்டாவை முடுக்கும் என்பது பின்னர் தெரிந்தது.

புகை கண்டு நெருப்பை அறிவது என்பது நம் தருக்க நூல்கள் தொன்றுதொட்டுச் சொல்லும் எடுத்துக்காட்டு. செல் செய்வதும் அதைத்தான். இந்த வழியில் பெராக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று அது நேராக அளப்பதில்லை. பெராக்சைடால் எரிந்த கொழுப்பின் துண்டு உட்கருவுக்குள் வந்துசேர்ந்தால், எதிர்க்கும் நொதிகளின் மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன.

எல்லாம் இந்த ஏற்பிகளின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஆக்சிஜனேற்ற நெருக்கடிக்கு முதலில் எழுந்து வருவது என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம். அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் நடக்கின்றன. அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

ஒரே மருந்து, இரண்டு துகள்கள்

நல்ல தோலில் டெல்ட்டா ஏறக்குறைய இருப்பதே தெரியாது. காயம் பட்டதும் விளிம்புச் செல்களில் எழும். 2001இல் வாலியின் குழு இதைச் சுண்டெலிகளில் காட்டியது. டெல்ட்டா குறைந்த சுண்டெலிகளின் காயம் தாமதமாக மூடியது. அந்தக் குழுவில் இருந்த டான் நுவான் சூன் பிறகு சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வகத்தை அமைத்தார். வாலியும் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளிக்குப் பேராசிரியராக வந்தார். அந்தப் பள்ளியின் நொவீனா வளாகம் டான் டோக் செங் மருத்துவமனைக்குப் பக்கத்தில், ஜாலான் புசாருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

2015இல் டானின் குழுவும் நன்யாங்கின் பொருளறிவியல் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கேள்வி நேரடியானது. நீரிழிவுள்ள சுண்டெலியின் காயத்தில் டெல்ட்டாவை மருந்தால் முடுக்கினால் காயம் விரைவாக மூடுமா? மருந்தின் பெயர் ஜி.டபிள்யூ.501516. டெல்ட்டாவின் குழியில் கச்சிதமாகப் பொருந்தும் செயற்கை மூலக்கூறு அது.

மருந்தைக் கரைத்து அப்படியே தடவினால் கசியும் நீரோடு போய்விடும். அதனால் நுண்துகள்களுக்குள் அடைத்தார்கள். துகள்கள் செய்யப்பட்டது, கரைந்துபோகும் அறுவைத் தையல் நூலுக்குப் பயன்படுகிற பிளாஸ்டிக் குடும்பத்திலிருந்து. உடம்புக்குள் மெல்ல மெல்லக் கரையும். இரண்டு வகைத் துகள்கள் செய்தார்கள். ஒன்று ஒரே அடுக்கு கொண்டது. மற்றது வேறுவேறு வேகத்தில் கரையும் இரண்டு பிளாஸ்டிக்குகளால் ஆன இரட்டையடுக்குத் துகள். மருந்தை முன்னதாகவே வெளியிடத் தொடங்கி, விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

மருந்து ஒன்றுதான், காயமும் ஒரே மாதிரிதான். ஆனால் முன்னதாகவும் தொடர்ச்சியாகவும் மருந்து கொடுத்த இரட்டையடுக்குத் துகள்கள் போட்ட காயம் விரைவாக மூடியது. ஒற்றையடுக்குத் துகள்களால் அந்தப் பயன் கிடைக்கவில்லை.

காரணத்தைத் தேடி உள்ளே போனார்கள். காயத்தின் அடித்தளத்தில் கொலாஜன் நூற்கும் நார்ச்செல்கள் இருக்கின்றன. மருந்து முதலில் எட்டியது அவற்றின் உட்கருவிலிருந்த டெல்ட்டாவை. டெல்ட்டா முடுக்கப்பட்டதும் இரண்டு நொதிகள் கூடின. ஒன்று குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் 1. இன்னொன்று நம் பழைய கேட்டலேஸ். இரண்டும் காயத்தில் தேங்கிய பெராக்சைடைக் குறைத்தன. கொலாஜன் படுகை பழுதாகவில்லை. விளிம்பிலிருந்த தோல் செல்கள் அதன்மேல் நகர்ந்தன.

இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது நேரம் பற்றிய பாடம். நீரிழிவுக் காயத்தில் பெராக்சைடு தொடக்கத்திலேயே மிஞ்சத் தொடங்கிவிடுகிறது. படுகை ஒருமுறை பழுதானபின் நொதியைக் கூட்டினால் பெராக்சைடு குறையலாம், பழுதான கொலாஜன் திரும்பிச் சரியாகாது. இன்னொன்றையும் சேர்த்து யோசிக்கிறேன். ஏற்பியின் துத்தநாக மடிப்புகளைத் தாங்குவது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம். கந்தகம் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். சோதனைக்குழாயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் அந்தப் பகுதியில் பெராக்சைடு பட்டால் டி.என்.ஏ.வைப் பற்றும் திறன் போய்விடுகிறது. நெருப்பு மிஞ்சினால் புகையை அறியும் உறுப்பே கருகிவிடக்கூடும். ஆறாத புண்ணில் டெல்ட்டாவுக்கும் அப்படி நேர்கிறது என்பது என் ஊகம்.

மாத்திரைக் கடை

அப்படியானால் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மாத்திரை விழுங்கினால் போதாதா என்று தோன்றும். மருந்துக்கடை அலமாரிகள் அவற்றால் நிறைந்திருக்கின்றன. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 விழுக்காடு கூடியிருந்தது. விழுங்கிய பொருள் உடம்பெங்கும் பரவும். நொதியோ எந்தச் செல் கேட்டதோ அந்தச் செல்லுக்குள், கேட்ட நேரத்தில் உருவாகிறது. ஒரு நொதி மூலக்கூறு தான் தீராமலேயே மீண்டும் மீண்டும் வேலை செய்யும். மாத்திரையிலிருக்கும் வைட்டமின் மூலக்கூறு ஒருமுறை தாக்குதலை ஏற்றுக்கொண்டால், வேறொன்று அதை மீட்டுத் தரும்வரை பயனற்றது.

மருந்து எங்கே?

ஜி.டபிள்யூ.501516 எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. இதை உருவாக்கியவர்கள் இரத்தக் கொழுப்பைச் சீராக்கும் மாத்திரையாகவே கொண்டுவர நினைத்தார்கள். நீண்ட நாள் கொடுத்த எலிகளுக்குப் பல உறுப்புகளில் புற்றுநோய் வந்ததால் 2007 வாக்கில் கைவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, இது சுண்டெலிகளின் ஓடும் திறனைக் கூட்டுகிறது என்று எவன்ஸின் ஆய்வகம் காட்டியது. உடனே விளையாட்டு உலகின் கள்ளச்சந்தை இதைப் பிடித்துக்கொண்டது. ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான வாடா இதைத் தடைசெய்தது. 2013இல் உடல்நலக் கேடு குறித்து வெளிப்படையான எச்சரிக்கையும் விடுத்தது. உடற்பயிற்சிக் கூடங்களில் 'கார்டரின்' என்ற பெயரில் யாராவது கொடுத்தால் அது இதுதான். தொடாதீர்கள்.

செல்லைப் பெருக்கி நகர்த்தி மூட வைக்கும் ஏற்பியை உடம்பெங்கும் மாதக்கணக்கில் முடுக்கினால் புற்றுநோய்க்கு வழி திறப்பதில் வியப்பில்லை. காயத்தின் மேல் மட்டும், கரைந்துபோகும் துகளில், சில நாள்கள் மட்டும் கொடுப்பது வேறு கதை. நன்யாங் குழு துகள்களைத் தேர்ந்ததன் பொருத்தம் இங்கே தெரிகிறது. ஆனாலும் சுண்டெலிக் காயம் பெருமளவு சுருங்கியே மூடும். அதன் தோலுக்கடியில் அதற்கான தசை விரிப்பு உண்டு. மனிதப் பாதத்தில் அந்தத் தசை இல்லை. இங்கே தோல் செல்கள் பெரும்பகுதித் தூரத்தை நகர்ந்தே கடக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. ஆய்வகத்துச் சுண்டெலிக்குக் காயம் உண்டான நேரம் ஆய்வாளருக்குத் தெரியும். மருந்து தொடக்கத்திலேயே கிடைக்கும். மரத்துப்போன காலில் காயம் பட்ட நேரம் அந்தக் காலுக்குரியவருக்கே தெரியாது. பலதுறை மருந்தகத்தில் காலுறையைக் கழற்றும்போது, டெல்ட்டாவை எழுப்பியிருக்க வேண்டிய நாள்கள் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். அங்கே ஆண்டுதோறும் செய்யும் பாதப் பரிசோதனையில், மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைப் பல இடங்களில் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்கிறார்கள். "தெரியவில்லை" என்ற பதில் வரும் காலுக்குச் சொந்தக்காரர் அன்றிலிருந்து தினமும் இரவில் இரண்டு பாதங்களையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி, அல்லது வீட்டில் வேறொருவரின் கண்.